அற்றோணித் தத்துவமும் கருவி விளக்கமும்

புதுக்கடை நீதிமன்றங்களைச் சூழ்ந்துள்ள சட்டத்தரணிகளின் அறைகளிலே எழுதப்படும் பத்திரங்களுள் அற்றோணித் தத்துவமும் ஒன்று. இலண்டனிலோ தொறொன்ரோவிலோ வாழும் ஒருவர், கொழும்பிலுள்ள தம் காணியைப் பராமரிக்கவும் விற்கவும் பிறிதொருவருக்கு அதிகாரம் வழங்குவது இதனாலேயே. அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பழம் பெயர்கள் வழக்கொழிந்தும், 1902 ஆம் ஆண்டின் தத்துவப் பத்திரக் கட்டளைச் சட்டம் இன்றும் நின்று நிலவுகின்றது. முகவர் செயலாற்றும் வேளையில் அதிகாரம் அளித்தவர் அருகில் இரார். குத்தகைக்கு விடலாம் என்று மட்டும் எழுதிய பத்திரத்தைக் கொண்டு காணியை விற்றல் இயலாது.

இக்காலத்தே புதியதொரு முகவர் தோன்றியுள்ளார். அவரே செயற்கை நுண்ணறிவு முகவர். வினாவுக்கு விடை கூறுவதோடு அமையாது, கோப்பைத் தேடவும், கடிதம் அனுப்பவும், நாட்குறிப்பில் தவணை பதியவும் அவருக்குக் கருவிகள் அளிக்கப்படுகின்றன. 2023 யூன் மாதத்தில் ஓப்பன் ஏஐ நிறுவனம் இதற்கொரு முறையை வெளியிட்டது. 2024 நவெம்பரில் அந்திரோப்பிக்கு நிறுவனம் பொதுவான இணைப்பு நெறியொன்றை வெளியிட்டது. இவற்றிலெல்லாம் கருவியொன்றை அறிமுகஞ் செய்பவை மூன்று: பெயர், விளக்கம், கொடுக்கவேண்டிய உள்ளீடுகள். கருவியின் உள்ளே இயங்கும் நிரலை மொழி மாதிரி பொதுவாகக் காண்பதில்லை. எழுதிய சொற்களைப் படித்தே எதனை எடுப்பது என்று துணிகின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். சட்ட அலுவலகம் ஒன்றிலே ‘வழக்குத் தேடல்’ என்றொரு கருவி. அதன் விளக்கம், ‘வழக்கு விபரங்களைத் தரும்’ என்பது. அதில் கொழும்பு மாவட்ட நீதிமன்ற வழக்குகளே உள்ளன என்பதை ஆக்கியவர் அறிவார், முகவர் அறியார். கல்கிசை வழக்கொன்றைக் கேட்டால், தேடிப் பார்த்து, அப்படியொரு வழக்கே இல்லை என்று கட்சிக்காரருக்குச் சொல்லிவிடுவார்!

அதனையே இவ்வாறு எழுதலாம்: ‘கொழும்பு மாவட்ட நீதிமன்றில் இவ்வலுவலகம் நடத்தும் வழக்குகளின் அடுத்த தவணையையும் கட்சிக்காரர் பெயரையும் தரும். வழக்கிலக்கம் கட்டாயம். பிற நீதிமன்ற வழக்குகள் இதில் இல்லை. மேன்முறையீட்டுத் தீர்ப்புக்களுக்குத் தீர்ப்புத் தேடல் என்னும் கருவியைக் கொள்க.’ காணி உறுதியிலே நாற்றிசை எல்லை கூறுங்கால் அயலவர் காணியையும் குறிக்கின்றோம் அன்றோ? எமது காணி எங்கே முடிகின்றது என்பது அதனாலேயே துலங்கும்.

அளவுகளிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்து உறுதிகளில் வெறுமனே பரப்பு என்னாது, நெற்பரப்போ வரகுப்பரப்போ என்று தெளிவுபடுத்துவர்; இரண்டின் அளவும் ஒன்றன்று. அவ்வாறே 03/04/2025 என்பது இலங்கையருக்கு ஏப்பிரில் 3; அமெரிக்கருக்கு மார்ச் 4. தவணை தப்பினால் வழக்கே கைநழுவலாம். ஆதலின் உள்ளீட்டின் விளக்கத்திலே ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கை உதாரணத்தோடு குறித்தல் நன்று.

கிடைக்கவில்லை என்பதும் ஒரு விடையே. 2023 யூனில் நியூயோர்க்குச் சமஷ்டி நீதிமன்றம், சற்ஜிபிரி புனைந்த இல்லாத வழக்குகளை எடுத்துக்காட்டிய சட்டத்தரணிகளுக்கு 5000 டொலர் தண்டம் விதித்தது. அங்கே இத்தகைய கருவி எதுவும் இருக்கவில்லை. எனினும் வெறுமை விடையாக வரும் இடத்தில் மொழி மாதிரி எதையேனும் இட்டு நிரப்பக்கூடும். ஆதலின், ‘தேடியும் பதிவு இல்லை’, ‘தேட இயலவில்லை’ என்னும் இரண்டையும் கருவி வேறு பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றின் பொருளையும் விளக்கம் கூற வேண்டும்.

இங்கே ஒப்புமை முறிகின்றது. தத்துவத்தை மீறிய செயலை நீதிமன்றம் தள்ளிவிடும். கருவி விளக்கத்துக்கோ அத்தகைய காவல் இல்லை. ‘இதனைச் செய்யற்க’ என்றெழுதியதை மொழி மாதிரி மீறவுங்கூடும். மீளப்பெற இயலாத செயல்களுக்கு, மனிதர் ஒருவர் ஒப்பினாலன்றி நிறைவேறாதபடி நிரலிலேயே பூட்டிடல் வேண்டும்.

விளக்கம் தெளிவானதா என்று சோதிக்க எளிய வழியொன்றுண்டு. அந்நிரலை அறியாத இளம் லிகிதர் ஒருவரிடம் கருவிகளின் விளக்கங்களைக் கொடுத்து, கட்சிக்காரர் வழமையாகக் கேட்கும் பத்துக் கேள்விகளையும் கொடுத்து, எக்கேள்விக்கு எக்கருவி என்று குறிக்கச் செய்க. அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தியபின், அதே கேள்விகளை முகவரிடமும் விடுத்துப் பார்க்கலாம்.