மோவாய் மரத்துப்போனால்...

சவரம் செய்கையில் கீழுதட்டின் ஒரு பக்கத்தில் கத்தி படுவதே தெரியவில்லை. தேநீர் அருந்தினால் அப்பக்கமாக வழிவதும் தெரியவில்லை. பல்லில் வலியில்லை, வீக்கமுமில்லை. இந்நிலையில் பெரும்பாலோர் நாடுவது பல் மருத்துவரைத்தான். அது தவறன்று. பல்வேரில் சீழ் கோத்திருந்தாலும், பல் பிடுங்கியபோது நரம்பில் காயம் பட்டிருந்தாலும் இவ்வாறு நேரலாம். ஆனால், காரணம் எதுவும் புலப்படாமல் மோவாய் மரத்துப்போவது, உடலில் வேறெங்கோ தோன்றிய புற்றுநோய் தாடை எலும்புக்கோ மண்டையோட்டின் அடித்தளத்துக்கோ பரவியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

மூளையோடு இணைந்த நரம்புகள் 12 இணைகள். கண், செவி, முகம், நாக்கு, தொண்டை ஆகியவற்றை அடைய அவை மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள சிறு துளைகளின் வழியே சென்றாக வேண்டும். நரம்பு செல்லும் அளவே உள்ள அத்துளையின் ஓரத்தில் சிறு கட்டி வளர்ந்தாலும் நரம்பு நசுங்கிவிடும். மார்பகம், நுரையீரல், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களே பெரும்பாலும் இங்குப் பரவுகின்றன.

1981 இல் நியூயார்க் மருத்துவர்கள் இத்தகைய 43 நோயாளிகளை ஆராய்ந்து, அறிகுறிகளை ஐந்து வகையாகப் பிரித்தனர். பார்ப்பவை இரண்டிரண்டாகத் தெரிவது, முகம் மரத்துப்போவது, குரல் கம்மி விழுங்க இயலாமற்போவது முதலியன அவற்றுள் அடங்கும். வீட்டாரை மிகவும் ஏமாற்றுவது பிடரி வலியோடு வரும் வகையே. பிடரியின் ஒரு பக்கத்தில் மட்டும் விடாத வலி. கழுத்தைத் திருப்பினால் அது மிகும். சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்ப்பார்கள். பின்னர் பேச்சு குழறும். நாக்கை நீட்டச் சொன்னால் வலியுள்ள பக்கமாகவே சாயும். அப்போதும் பக்கவாதம் என்றே பலர் முடிவு செய்கின்றனர்.

இதைப் படித்து எவரும் கலங்க வேண்டியதில்லை. ஓரிரு நாட்களில் திடீரென முகம் கோணுவது பெரும்பாலும் தானே சீராகிவிடும். சர்க்கரை நோயாளிக்குப் பார்வை இரட்டிப்பதும் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். எனினும், அவற்றையும் மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். நாளுக்கு நாள் மெல்லக் கூடிவருவதும், ஒரு நரம்போடு நில்லாமல் அடுத்ததையும் தொடுவதுமே ஐயத்துக்குரியவை.

நம் குடும்பங்களில் ஒரு தடை உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் மார்பில் அறுவை நடந்ததை உம்மா மகனிடமும் சொல்லியிருக்க மாட்டார். கழுத்து வலிக்காகச் செல்லும் இடத்தில் அதைச் சொல்வானேன் என்றும் கருதுவார். மருத்துவருக்குத் திசை காட்டுவதே அந்த ஒரு செய்திதான். பழைய மருத்துவச் சீட்டுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சொல்லக் கூசினால் அவற்றை நீட்டினாலே போதும்.

சாதாரண எக்ஸ்ரேயில் இக்கட்டி தென்படாமல் போகலாம். மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமே பெரிதும் உதவும். கண்டறிந்தபின் கதிர்வீச்சு அளித்தால் பலருக்கு வலி தணிகிறது. நரம்பு மீளும் வாய்ப்போ, அறிகுறி தோன்றி எத்தனை நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கியது என்பதைப் பொறுத்தது. சில வாரங்களுக்குள் வந்தவர்களுக்கு மீண்ட உணர்வு, மாதக்கணக்கில் பொறுத்திருந்தவர்கள் பலருக்கு மீளவில்லை.