பழைய மோட்டார் சைக்கிளின் பக்கத்தாங்கி

கனகராயன்குளத்தில் ஏ9 வீதியோரம் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களைச் சற்றுக் குனிந்து பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். சைட் ஸ்ராண்ட் என்று நாம் சொல்லும் பக்கத்தாங்கி, பல வண்டிகளில் வண்டியோடு வந்ததாக இராது.

இதற்குக் காரணம் எமது அண்மைக்கால வரலாறு. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னர் ஜப்பானிய வண்டிகள் பெருமளவில் இலங்கைக்கு வந்தன. ஹொண்டா சீ.டி. 90, எம்.டி. 90, சீ.டி. 200 என்ற பெயர்கள் வன்னியில் வீட்டுப் பெயர்கள் போலாகின. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மின்கலம், இரும்பு, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் யாவும் தடைக்குள்ளாயின. மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட வைத்த எமது மெக்கானிக்மாருக்கு ஓர் ஊன்றுகால் செய்வது பெரிய காரியமல்ல. கட்டிடக் கம்பியோ, வேறொரு வண்டியின் காலோ, கிடைத்ததை வெட்டி ஒட்டினார்கள். அந்தக் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2002இல் வீதி திறந்து உதிரிப்பாகங்கள் வந்த பின்னரும், போர் முடிந்து ஏ9 காபெற் வீதியான பின்னரும், அன்றைய அவசர வேலை பல வண்டிகளில் அப்படியே இருக்கிறது. குழிகளுக்கிடையே ஊர்ந்த அதே வண்டி இன்று வேகமாக ஓடுகிறது. ஆபத்து அங்கேதான்.

பக்கத்தாங்கி வண்டியின் இடப்புறம் உள்ளது. அதை மடக்க மறந்தோ, அது தானாக விழுந்தோ வண்டி ஓடும்போது, நேர்வீதியில் எதுவும் நடவாது. இடப்பக்கம் திரும்பச் சரிக்கும்போது கால் தரையில் குத்தும்; பின்சில்லு மேலெழும்பும்; ஓட்டுபவர் வீசப்படுவார். அமெரிக்காவில் 1974 முதல் நடைமுறைக்கு வந்த விதியொன்று, வண்டி முன்னோக்கி ஓடுகையில் தாங்கி தரையில் பட்டால் அது பின்னோக்கி மடிந்து மேலேற வேண்டும் என்கிறது. இன்றைய பல வண்டிகளில் தாங்கி கீழே இருக்கையில் கியர் போட்டால் இயந்திரம் நின்றுவிடும். பழைய சீ.டி. 90இல் இவ்வாறான சுவிச் கிடையாது. அங்கே நம்பக்கூடியவை ஸ்பிரிங்கும் காலின் வளைவும் மட்டுமே. ஆகவே காலை முன்பக்கமாக வளைத்து ஒட்டுவது கூடாது. பள்ளத்தில் வண்டி உருளாமல் நிற்கும் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். முன்னோக்கி நீண்ட கால் தரையில் பட்டால் மடியாது, ஊன்றிக்கொள்ளும். உருளாமல் நிற்க வண்டியின் முகத்தை மேட்டை நோக்கி வைத்து முதலாம் கியரில் விட்டாலே போதும்.

வண்டி அதிகம் சரிகிறது என்றவுடன் காலை நீட்டி ஒட்டச் சொல்வது எமது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது காலின் நீளத்தையல்ல, அது திரும்பும் ஆணியை. ஆணியிலிருந்து இரண்டரைச் சென்ரிமீற்றர் தூரத்தில், கால் முட்டி நிற்கும் மூலை ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால், இருபத்தைந்து சென்ரிமீற்றர் கீழேயுள்ள பாதம் ஒரு சென்ரிமீற்றர் வெளியே போய்விடும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். தேய்மானத்தை விட்டுவிட்டுக் காலை நீட்டினால், இன்று நிமிர்ந்த வண்டி சில மாதங்களில் மீண்டும் சரியும். துளையை வட்டமாகக் குடைந்து ஒரு புஷ் இறுக்கி, முட்டும் மூலையை ஒட்டால் நிரப்பி அரத்தால் சீவுவதே சரியான வேலை. போல்ட்டில் கால் திரும்பும் பகுதி வழுவழுப்பாக இருக்க வேண்டும். நுனிவரை புரி வெட்டிய மலிவான போல்ட், வாள்போலத் துளையை அறுத்துவிடும்.

இதன் பின்னும் நீளத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். பெரிய ரயர் அல்லது புதிய பின் சொக்கப்சோபர் போட்டால் வண்டி உயர்ந்து, முன்னரிலும் கூடுதலாகச் சரியும். சொக்கப்சோபர் தளர்ந்தால் வண்டி பதிந்து நிமிரும். கரியரில் ஒரு நெல் மூட்டை ஏறியதும் வலப்பக்கம் கவிழும். காலை ஒரு சென்ரிமீற்றர் நீட்டினால் கைபிடி ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் நகரும் என்று கணக்கிடலாம். எனவே துணிந்து வெட்ட வேண்டாம். பாதத்தின் கீழ் பலகைத் துண்டுகளை வைத்துப் பார்த்து அளவெடுத்த பின்னரே வெட்டுவது நல்லது.

மாரியில் எமது மண்ணில் சிறிய பாதம் புதைந்துவிடும். சிரட்டையும் ஓட்டுத்துண்டும் தேடுவதற்குப் பதிலாக ஒரு தகட்டை ஒட்டலாம். இரண்டுக்கு நான்கு சென்ரிமீற்றர் பாதத்தை ஆறுக்கு எட்டு ஆக்கினால் மண்ணின்மீது விழும் அழுத்தம் ஆறில் ஒன்றாகக் குறையும். அதற்கு மேல் அகலமாக்கினால் திருப்பத்தில் வீதியில் உரசும். விளிம்புகளைச் சற்று மேல்நோக்கி வளைத்து விடவேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரியூப் வாரைக் கட்டுவதும் தடைக்காலத்துப் பழக்கமே. வெயிலில் இறப்பர் வெடிக்கும். எப்போது அறும் என்று எவருக்கும் தெரியாது. கால் கீழே இருக்கையில் ஸ்பிரிங்கின் கோடு ஆணியின் ஒரு பக்கமாகவும், மடித்த பின் மறு பக்கமாகவும் செல்ல வேண்டும். அப்போதுதான் இரு நிலையிலும் கால் உறுதியாக நிற்கும். கொளுவியை இடம் மாற்றி ஒட்டும் கராஜ்காரர் சிலர் இதைக் கவனிப்பதில்லை.

வெல்டிங்குக்கு முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்து, மின்கல வயரையும் கழற்றிவிட வேண்டும். காலைச் சட்டகக் குழாயில் நேரடியாக ஒட்ட வேண்டாம். குழாய் மெல்லியது, ஓட்டை விழும் அல்லது வெடிக்கும். காலை வளைப்பதானால் சிவக்கக் காய்ச்சி வளைத்து, காற்றில் ஆற விடவேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் தோய்த்தால் சில வகை இரும்பு முறியும் தன்மை பெறும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் நீடித்த காலத்தில் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியது. அதனால் இவ்வேலைக்கு இன்னும் பல ஆண்டு தேவை இருக்கும். வேலை முடிந்ததும் கூலி கொடுக்குமுன் தாங்கியை மடித்து, வண்டியின் பின்பக்கத்தைப் பலமுறை அமுக்கிக் குலுக்கிப் பாருங்கள். கால் அசையக்கூடாது. பின்னர் கரியரில் மூட்டையை ஏற்றி, தாங்கியில் நிறுத்தி, கைபிடியை வலப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். சிறு தள்ளலுக்கே வண்டி வலப்பக்கம் சாயப் பார்த்தால், காலில் இன்னும் சிறிது வெட்ட வேண்டும்.