சுல்தான் என்றால் அரசரா?

‘சுல்தான்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டால், ‘அரசர்’ என்று உடனே விடை சொல்லிவிடுவீர்கள். ஆனால், அரபு மொழியில் அரசரைக் குறிக்க ‘மலிக்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. பின் எதற்காக இன்னொரு சொல்?

சுல்தான் என்ற சொல் முதலில் எந்த ஆளையும் குறிக்கவில்லை. வேகம், வெப்பம் என்பவற்றைப் போல அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பெயர்தான். குர்ஆனில் இச்சொல் பல இடங்களில் வருகிறது. சில இடங்களில் அதற்கு ‘அதிகாரம்’ என்றும், வேறு சில இடங்களில் ‘தெளிவான சான்று’ என்றும் பொருள். கேட்பவரை ஏற்கச் செய்வது சான்று. பணியச் செய்வது அதிகாரம். இவ்விரண்டுக்கும் ஒரே சொல் என்பது, எதற்கும் சான்று கேட்டுப் பழகிய அறிவியல் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும்.

அதிகாரத்தின் பெயர் ஆளின் பெயரானது எப்படி? நம் ‘ஆதீனம்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒன்று ஒருவர் வசத்தில், உரிமையில் இருப்பதே ஆதீனம். பிறகு அது சைவ மடத்துக்குப் பெயராயிற்று. இன்றோ ‘ஆதீனம் வருகிறார்’ என்று மடத்தின் தலைவரையே சொல்கிறோம். சுல்தானும் அப்படித்தான்: அதிகாரம், அரசாங்கம், பிறகு அதை நடத்துபவர்.

இந்த மாற்றத்துக்கு ஒரு தேவையும் இருந்தது. நபிகள் நாயகத்துக்குப் பின் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்தவர் ‘கலீபா’. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்த கலீபாவிடம் மதிப்பு மிஞ்சியதே தவிர, படையும் வரியும் பிறர் கைக்குப் போய்விட்டன. 1055இல் செல்ஜூக் துருக்கியரின் தலைவர் துக்ரில் பெக் பாக்தாதுக்குள் நுழைந்தார். அவர் கலீபாவை நீக்கவில்லை. கலீபாவின் ஒப்புதலோடு சுல்தானாக ஆண்டார். மதிப்பு ஒருவரிடம், ஆட்சி மற்றொருவரிடம்! டில்லியை ஆண்ட இல்டுமிஷும் 1229இல் கலீபாவிடமிருந்து ஒப்புதல் பெற்றே பெருமை கொண்டார்.

இரண்டும் வெவ்வேறு என்பதைத் துருக்கி நாடாளுமன்றமே பின்னாளில் செய்து காட்டியது. 1922 நவம்பர் 1ஆம் நாள் அது சுல்தான் பதவியை ஒழித்தது. கலீபா பதவியை விட்டுவைத்தது. அது ஒழிந்தது 1924 மார்ச்சில்தான்.

பெண்ணுக்கும் இப்பட்டம் உண்டா? 1236 முதல் 1240 வரை டில்லியை ஆண்ட ரஸியாவை, அவர் காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் ‘சுல்தான்’ என்றே எழுதுகிறார். ஒட்டோமான் துருக்கியர் வேறொரு வழி கண்டனர். ஆளும் ஆடவருக்குப் பட்டம் பெயரின் முன்னே: சுல்தான் சுலைமான். அவர் மகளுக்கோ பின்னே: மிஹ்ரிமா சுல்தான்.

தென்னாட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தான்களின் ஆட்சியை முடித்தது விஜயநகரப் படை. அந்த விஜயநகர மன்னர்களே கல்வெட்டுகளில் தங்களை ‘இந்துராய சுரத்ராணர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். இந்து அரசர்களுள் சுல்தான் என்பது பொருள். சுல்தான் என்ற ஒலியைச் ‘சுரத்ராண’ என்று மாற்றியதில், வடமொழியில் ‘தேவர்களைக் காப்பவர்’ என்ற பொருளும் கிடைத்துவிட்டது!

இன்றும் ஓமானிலும் புருனேயிலும் நாட்டின் தலைவர் சுல்தான்தான். மலேசியாவில் பரம்பரை ஆட்சியாளர்களைக் கொண்ட 9 மாநிலங்களுள் 7இல் இப்பட்டம் வழங்குகிறது. மொராக்கோவோ 1957இல் அதைக் கைவிட்டது. அன்றுவரை சுல்தானாக இருந்த ஐந்தாம் முகம்மது, அதன்பின் தம்மை ‘மலிக்’ என்று அழைத்துக்கொண்டார்.