ஊதும் காற்றும் உழைக்கும் இதயமும்

சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்குக் கால்களைத் தாங்கும் காலிப்பர் வாங்க வந்தவர்களில் போலியோ தாக்கியவர்கள் ஏராளம். அதே நகரிலுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இயங்கும் வென்டிலேட்டருக்கும் அந்தப் போலியோவோடு உறவு உண்டு. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், மூச்சுவிட முடியாமல் போன நோயாளிகளின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் காற்றை உள்ளே செலுத்தச் செய்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து ரப்பர் பையைக் கையால் அமுக்கினார்கள். அந்தக் கைகளின் வேலையைத்தான் இன்று இயந்திரம் செய்கிறது.

இழுப்பதும் ஊதுவதும்

நாமாக மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. காற்றோடு, உடலெங்குமிருந்து ரத்தமும் இதயத்தின் வலப்பக்கத்துக்கு எளிதாக வந்து சேர்கிறது. வென்டிலேட்டரோ காற்றை ஊதுகிறது. மார்புக்குள் அழுத்தம் ஏறுவதால் ரத்த வரத்து குறையும். காற்றால் உப்பிய நுரையீரலில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். வலது கீழறை கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கும். மயக்க மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தியிருக்க, உடலில் நீரும் குறைந்திருந்தால் பிபி சட்டென இறங்கிவிடும்.

எல்லா இதயத்துக்கும் இது பாரமல்ல. பலவீனமான இடது கீழறைக்கு இதே அழுத்தம் கைகொடுப்பதும் உண்டு.

எவ்வளவு அழுத்தம்?

மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் தாங்கும் அழுத்தத்தை மருத்துவர்கள் ‘பீப்’ என்பார்கள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்கு வந்த 900 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஒரு பாதிக்கு 12 சென்டிமீட்டர் நீரழுத்தம். மறுபாதிக்கு 2 அல்லது அதற்கும் கீழே. நுரையீரல் சிக்கல்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. அதிக அழுத்தம் பெற்றவர்களுக்குத்தான் பிபி அடிக்கடி இறங்கியது, அதை ஏற்றும் மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது. கூட்டி வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் அங்கே பலிக்கவில்லை.

காற்றின் அளவைத் தீர்மானிப்பது உயரம். 150 செ.மீ. உயரமுள்ள பெண் 80 கிலோ இருந்தாலும், கணக்கில் கொள்ளும் எடை சுமார் 43 கிலோதான். கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்றால் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 260 முதல் 345 மில்லி போதும். உடல் பருத்தாலும் நுரையீரல் வளர்வதில்லையே!

சொல்லியே ஆக வேண்டியவை

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, ஆஸ்துமா உண்டா, குறட்டையோடு மூச்சு தடைப்படுகிறதா? மயக்க மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிட வேண்டும்.

“வென்டிலேட்டர்ல வச்சுட்டாங்களா?” என்று வெளியே பதறும் உறவினர்களும் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. கருவியை எடுத்ததும் நோயாளி தானாக மூச்சு இழுப்பார். குறைந்திருந்த ரத்த வரத்து மீண்டும் பெருகும். பலவீனமான இதயம் அப்போது திணறலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். தியேட்டரைவிட்டு வந்தவரை நேரே வார்டுக்கு அனுப்பாமல், பிபியும் ஆக்சிஜனும் பார்த்தபடி சிறிது நேரம் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.