அயல்நாட்டில் நம் மாணாக்கர்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து சென்றுள்ள நம் இளைஞர் இன்று லட்சக்கணக்கினர். அவர்கள் புறப்படுங்கால் வழியனுப்பு உபசாரம் நடத்துகிறோம்; மாலை சூட்டுகிறோம்; கடன்பட்டேனும் பொருள் தேடித் தருகிறோம். ஆனால், சென்ற தேசத்து ஜனங்களுடன் அவர்கள் எவ்வாறு கலந்து பழகுவர் என்பதைப் பற்றி நாம் சிறிதும் சிந்திப்பதில்லை. அந்நாட்டார் வீட்டு வாசற்படியை ஒரு முறையேனும் மிதியாது, பட்டத்தை மட்டும் சுமந்து திரும்புவோர் பலர். இது அவர்களுக்கும் நஷ்டம். அவர்களை அனுப்பிய நாட்டிற்கும் நஷ்டம்.

இக்குறை இன்று நேற்று ஏற்பட்டதன்று. லண்டன் மாநகரின் சரித்திரத்தைப் பார்ப்போம். 1909-ல், நம் நாட்டு மாணாக்கருக்கென அங்கே அரசாங்கம் ஓர் ஆலோசகரை நியமித்தது. மறு ஆண்டில், கிராம்வெல் சாலை 21-ஆம் எண் இல்லத்தில் அவருடைய காரியாலயம் அமைந்தது. தகவல் கூறவும், தங்க இடமளிக்கவும், ஆங்கிலேயருடன் பழகச் செய்யவும் அங்கே ஏற்பாடுகள் இருந்தன. ஆயினும், உதவி என்ற பெயரால் தங்களை வேவு பார்க்கின்றனரோ என்று மாணாக்கர் பலர் ஐயுற்றனர். ஐயம் புகுந்த இடத்தில் நேயம் வளருமோ?

இதற்கு இருபது ஆண்டுகட்கு முன்னர், யாருடைய ஏற்பாடுமின்றி ஓர் இளைஞர் அந்நகரத்தாருடன் கலந்துவிட்டார். அவரே காந்தியடிகள். 1888-ல் லண்டன் சேர்ந்த அவர், முதலில் ஆங்கிலக் கனவானாக விரும்பி நடனமும் வயலினும் பயின்றார். சில மாதங்களில் அவற்றைக் கைவிட்டார். புலால் உண்ணேன் என்று அன்னைக்கு அளித்த வாக்கே அவருக்கு வழிகாட்டிற்று. மரக்கறி உணவுச்சாலையைத் தேடிச் சென்றவர், மரக்கறி உணவாளர் சங்கத்தில் சேர்ந்து அதன் நிர்வாக சபையிலும் இடம்பெற்றார். பேஸ்வாட்டரில் தாம் வசித்த பகுதியில் ஒரு சிறு சங்கத்தைத் தொடங்கினார். கவிஞர் எட்வின் ஆர்னால்டு அதன் உபதலைவர், காந்தியடிகள் காரியதரிசி. தம் விரதத்தைத் துறந்து அவர் அம்மக்களோடு சேரவில்லை. அவ்விரதத்தைக் கொண்டே சேர்ந்தார்.

மற்றோர் உதாரணமும் உண்டு. சென்னையில் பயின்று 1924-ல் இங்கிலாந்து சென்ற வி. கே. கிருஷ்ண மேனன், படிப்பு முடிந்த பின்னும் அங்கேயே தங்கினார். 1934-ல் லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நகரசபைக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பகுதி மக்களுக்காக நூல்நிலையங்களைப் பெருக்க உழைத்தார். அதே காலத்தில் இந்திய விடுதலைக்கும் ஓயாது பாடுபட்டார். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாயிற்றா? இல்லை. அந்நகரசபை 1955-ல் அவருக்குத் தன் உயரிய கௌரவத்தை அளித்தது.

இவற்றால் விளங்குவது யாது? விருந்து ஒரு மாலைப்பொழுதோடு முடியும். கூடிச் செய்த வேலையோ உறவாக வளரும். ஆதலின், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம் மாணாக்கரைத் தேநீர் விருந்துக்கு அழைப்பதோடு நில்லாமல், ஊர் நூல்நிலையத்திலும், விளையாட்டுக் கழகத்திலும், முதியோர்க்குத் தொண்டு செய்யும் சங்கத்திலும் அவர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தல் வேண்டும். அங்கே வாழும் நம்மவரின் சங்கங்கள், புதிதாக வருபவருக்கு அரிசியும் பருப்பும் கிடைக்கும் கடையைக் காட்டுவதோடு, அண்டை வீட்டாரையும் அறிமுகம் செய்விக்க வேண்டும். பெற்றோர்கள், "என்ன மதிப்பெண் பெற்றாய்?" என்று கேட்கும்போதே, "அவ்வூரார் யாரை நண்பராகப் பெற்றாய்?" என்றும் கேட்டல் நலம்.

மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. நம்மவர் மட்டும் கூடி வாழும் அறையில் ஆறுதல் உண்டு. அதனை நாம் குறை கூறோம். ஆனால் அவ்வறையின் கதவு தெருவை நோக்கியும் திறந்திருக்கட்டும். நம் பாஷையையும் உணவையும் வழக்கங்களையும் மறைக்க வேண்டுவதில்லை, அவற்றைப் பிறர் அறியச் செய்யுங்கள், அவர்களுடையவற்றையும் கேட்டறியுங்கள். நம் நாட்டைக் கண்ணால் காணாத ஒருவர், உங்களில் ஒருவரைக் கொண்டே நம் அனைவரையும் மதிப்பிடுவார். அம்மதிப்பு உயர்வதும் தாழ்வதும் உங்கள் கையில் இருக்கிறது.