மனையியல் படிப்பிற்கும் கல்விக் கடன் உண்டா?

“மனையியல் படித்து என்ன செய்யப் போகிறாள்? வீட்டு வேலைக்குப் பட்டம் எதற்கு?” பெங்களூருவில் கல்விக் கடன் கேட்டு மகளுடன் கிளைக்கு வந்த தந்தை ஒருவர், மகளின் எதிரிலேயே என்னிடம் இவ்வாறு கேட்டார். வணிகவியல் பட்டதாரியான எனக்கும் ஒரு காலத்தில் இந்த ஐயம் இருந்ததுண்டு.

மனையியலின் ஒரு பிரிவே மனித மேம்பாட்டுக் கல்வி. குழந்தையின் மொழி, சிந்தனை, உணர்வு ஆகியவை வளரும் முறையையும் அதில் குடும்பத்தின் பங்கையும் ஆராயும் துறை இது. பெங்களூரு வி.எச்.டி. மத்திய மனையியல் நிறுவனத்திலும், கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனத்திலும் இத்துறையில் முதுநிலைப் படிப்பு உள்ளது.

இத்துறையின் தேவை வளர்ந்து வருகிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமே அங்கன்வாடிகளுக்கு அடிப்படை. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தைக் கல்வியின் அடித்தள நிலையாக வகுத்துள்ளது. மழலையர் பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றில் இப்பட்டதாரிகள் பணிபுரிகின்றனர்.

ஒன்றை மட்டும் சேர்க்கைக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இப்பட்டம் பெற்றதாலேயே ஒருவர் மருத்துவ உளவியலாளராகவோ, சிறப்புக் கல்வியாளராகவோ ஆகிவிட முடியாது. அவற்றிற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தனிப் படிப்பும் பதிவும் தேவை.

இனி, கடனைப் பற்றி. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பிற்குக் கல்விக் கடன் பெறலாம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் வட்டி நிற்பதில்லை. எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாயைத் தொடக்கத்திலேயே 10 விழுக்காடு தனிவட்டியில் பெற்றால், மூன்று ஆண்டுகளில் வட்டி மட்டும் 90,000 ரூபாய் ஆகிவிடும். படிக்கும்போதே வட்டியைச் செலுத்தி வந்தால் பிற்காலச் சுமை குறையும். பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு, செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவும் உண்டு.

இத்துறையில் தொடக்க ஊதியம் பொதுவாக மிதமானதே. எனவே தகுதியுள்ள முழுத் தொகையையும் பெறாமல், தேவையான அளவே கடன் பெறுதல் நன்று.

அந்தத் தந்தையிடமும் இதையே கூறினேன். “கடனைக் கணக்கிட்டு வாங்குங்கள், படிப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்” என்றேன். விண்ணப்பத்தில் மகள் கையெழுத்திட்டாள். சற்று யோசித்தபின், அவரும் கையெழுத்திட்டார்.