வறட்சியும் மிளகாயும்

மிளகாய்ச் செடி எவ்வளவு வறட்சியையும் தாங்கும் என்பாருண்டு. அது பாதி உண்மையே. இராமநாதபுரம் முண்டு மிளகாய் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் பயிராவது. மழை நின்றபின் மண்ணில் எஞ்சும் ஈரமே அதற்குத் துணை. உருண்டை வடிவும் தடித்த தோலும் உடைய அக்காய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

தஞ்சையின் நிலைமை வேறு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. அத்தகைய காலத்தில் நெல்லுக்கு மாற்றாக மிளகாயை எண்ணுவது தக்கதே. ஆயினும் நம் களிமண் வயலில் அதற்குப் பெரும்பகை தேங்கும் நீரேயாம். நெல்லின் வேருக்குத் தண்டின் வழியே காற்று இறங்கும். மிளகாய்க்கு அவ்வசதி இல்லை. ஓரிரு நாள் நீர் நின்றாலே வேர் மூச்சுத் திணறி, இலை வாடும். அவ்வாட்டத்தைத் தாகமென எண்ணி மேலும் மடை திறப்போரும் உளர்!

ஆகவே பார் பிடித்து, வடிகால் வெட்டிய பின்னரே நடுதல் வேண்டும். நாற்று 40 நாள் வயதினதாய் இருத்தல் நன்று. நடுவதற்குச் சில நாள் முன்பே நாற்றங்காலுக்கு நீரைக் குறைத்தால் அது உரமேறும். பூக்கும் பருவத்தில் மட்டும் சிக்கனம் ஆகாது. கடும் வெயிலும் ஈரக்குறைவும் சேர்ந்தால் செடி பூவை உதிர்த்துத் தன் உயிரைக் காத்துக்கொள்ளும். உழவருக்குக் காய் கிட்டாது. சம்பா அறுவடைக்குப்பின் தை, மாசியில் நடுவோருக்கு அப்பருவம் கோடையிலேயே அமையும். அவர்கள் கிணற்று நீர் போதுமான அளவு நிலத்தில் மட்டும் நடுவாராக.